ஆசாரத்துக்கு மினி எல்.இ.டி., உள்ளறைக்கு ஓ.எல்.இ.டி.

கோவைக் கடைகளில் ஓ.எல்.இ.டி. டி.வி.யையும் மினி எல்.இ.டி. டி.வி.யையும் அடுத்தடுத்து மாட்டி, இரண்டிலும் பளிச்சென்ற காட்சிகளையே ஓடவிடுகிறார்கள். விளக்கொளி நிறைந்த அந்தக் கூடத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இருட்டில்தான் வேறுபாடு தெரியும்.

ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தின் ஒவ்வொரு நுண்புள்ளியும், தானே ஒளிர்வதால், கறுப்பு வேண்டிய இடத்தில் அது முழுவதுமாக அணைந்துவிடுகிறது. எல்.சி.டி. எனும் திரவப் படிகத் திரையிலோ, பின்னாலிருந்து வரும் விளக்கொளியைத் திரவப் படிகம் மறைத்தாக வேண்டும். எவ்வளவு மறைத்தாலும் கொஞ்சம் கசியும். மினி எல்.இ.டி.யும் எல்.சி.டி. வகைதான். அதன் பின்னொளியை நூற்றுக்கணக்கான பகுதிகளாகவும், விலை கூடியவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாகவும் பிரித்து, வேண்டாத பகுதியை மட்டும் மங்கச் செய்கிறார்கள். ஆனாலும் ஒரு பகுதிக்குள் ஆயிரக்கணக்கான பிக்சல்கள் அடங்குவதால், இருண்ட காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறம் படரும். க்யூ.எல்.இ.டி. என்பதும், பெயர் ஒத்திருந்தாலும், பெரும்பாலும் நிறத்தைக் கூட்டிக்காட்டும் குவாண்டம் டாட் படலம் சேர்த்த எல்.சி.டி.யே.

இத்தனைக்குப் பிறகும், கொங்கு வீட்டு ஆசாரத்துக்கு, அதாவது முன்கூடத்துக்கு, மினி எல்.இ.டி.யையே பரிந்துரைப்பேன். வாசற்கதவு விடிந்ததிலிருந்து திறந்தே கிடக்கும். வெயிலோடு போட்டியிட மினி எல்.இ.டி.யின் கூடுதல் வெளிச்சம் தேவை. மேலும், யாரும் பார்க்காவிட்டாலும் அங்கே செய்திச் சேனல் பொழுதுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஓ.எல்.இ.டி.யின் கரிமப் பொருள் எரிய எரியத் தேய்வது. மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால், அந்தத் தடம் திரையில் நிலைத்துவிடக்கூடும். இதைக் குறைக்கும் சீரமைப்பை டி.வி., ரிமோட்டில் அணைத்தபின் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது தானே செய்துகொள்கிறது. நம் வீடுகளிலோ படுக்கப்போகுமுன் பெரியவர்கள் பிளக் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள்!

விசேஷ நாளில் சுவரோரம் வரை உறவினர் அமர்ந்தால், பக்கவாட்டுப் பார்வைக்கு ஓ.எல்.இ.டி.யே மேல்; எல்.சி.டி.யில் வி.ஏ. எனப்படும் திரைவகையில் ஓரத்திலிருப்பவருக்கு நிறம் வெளுக்கும்.

ஜன்னலை அடைத்த தனியறையில் படம் பார்ப்பவர், 65 அங்குலம் போதுமென்றால், தயங்காமல் ஓ.எல்.இ.டி. வாங்கலாம். 100 அங்குலத்துக்கு மேல் போனால் செலவு கருதிப் புரொஜெக்டரையே நாட வேண்டியிருக்கும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது; அறையில் மிஞ்சிய வெளிச்சத்தில் திரை எந்த நிறமோ அதுவே அதன் கறுப்பு. திருப்பூரில் நிட்டிங் மெஷினை ஒட்டிய வீடென்றால் பஞ்சுத்தூசி காற்றுவழியை அடைக்கும் என்பதால், வடிகட்டியைக் கழற்றித் துடைக்க இயலுமா, ஒளிப்பகுதி தூசி புகாதபடி மூடியிருக்கிறதா என்று கேட்டபிறகே லூமன்ஸ் எனும் வெளிச்ச அளவின் கணக்கைப் பார்க்க வேண்டும்.