அப்டேட்டுக்குப் பிறகு திணறும் பழைய போன்: ரீசெட்டா, பேட்டரியா, புது போனா?

அப்டேட் போட்டதிலிருந்து போன் ஸ்லோவாகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "ரீசெட் அடி, எல்லாம் அழிந்து புது போன் மாதிரி ஆகிவிடும்" என்பார் ஒருவர், "பழைய வெர்ஷனுக்கே போய்விடு" என்பார் இன்னொருவர், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்பார்கள் மற்றவர்கள். பேட்டரியை மாற்றிப் பார் என்று சொல்பவர் அபூர்வம். மூன்று வருடம் தாண்டிய போன், அதிலும் ஐஃபோன் என்றால், என் ஓட்டு அந்த அபூர்வமான ஆளுக்குத்தான்.

எந்த வழிக்கும் முன்னால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் உள்ளே நிறைய வேலை பார்க்கும். படங்களைத் திரும்ப வகைப்படுத்தும், தேடலுக்கான பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும், ஆண்ட்ராய்டு என்றால் ஆப்களைப் புது வெர்ஷனுக்கு ஏற்ப மறுபடி தயார்செய்யும். இரவில் வைஃபையிலும் சார்ஜரிலும் போட்டுவையுங்கள். பல போன்கள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அதற்கு 2017-இல் நடந்ததே நல்ல சான்று. அந்த ஜனவரியில் ஆப்பிள், ஐஃபோனை இயக்கும் மென்பொருளின் அப்டேட்டான ஐஓஎஸ் 10.2.1-ஐ வெளியிட்டது. அதுவரை ஐஃபோன் 6, 6எஸ் வகைகளில் பல, 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கும்போதே பட்டென்று அணைந்துகொண்டிருந்தன. தேய்ந்த லித்தியம் அயன் பேட்டரிக்குள் மின்தடை கூடிவிடும். பிராசஸர் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரியும், போன் அணையும். இதைத் தடுக்க, தேய்ந்த பேட்டரி உள்ள போன்களில் பிராசஸரின் உச்ச வேகத்தையே அந்த அப்டேட் குறைத்தது. அணைவது குறைந்தது. ஆனால் போன் மந்தமானது. அது ஏன் என்று காசு கொடுத்து வாங்கியவருக்கு யாரும் விளங்கும்படி சொல்லவில்லை.

டிசம்பரில் குட்டு உடைந்தது. 6எஸ் வைத்திருந்த ஒருவர் பேட்டரியை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் போனின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் சோதனையை ஓட்டிப் பார்த்தார். 1466 ஆக இருந்த சிங்கிள் கோர் மதிப்பெண் (பிராசஸரின் ஒரு பகுதி மட்டும் தனியாக ஓடும் வேகம்), புது பேட்டரி ஏறியதும் 2526 ஆனது. போன் மாறவில்லை, மாறியது பேட்டரி மட்டும்தான். பிறகு கீக்பெஞ்சை உருவாக்கிய ஜான் பூல், குவிந்திருந்த சோதனை முடிவுகளை வெர்ஷன் வாரியாகப் பிரித்து வெளியிட்டார், அதுவும் இதையே காட்டியது. சில நாட்களில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மாத இறுதியில் மன்னிப்பும் கேட்டது, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுக்க 29 டாலராக்கியது. விஷயத்தை வாங்கியவர்களிடம் சொல்லாமல் விட்டதற்காக பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. எனக்கும் கோபம் அதில்தான். போனைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்ததில் நியாயம் உண்டு. "பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும்" என்ற ஒற்றை வரியை மறைத்ததில் நியாயமே இல்லை. அந்த வரி தெரியாமல் எத்தனை பேர் நல்ல போனைக் கழித்துக் கட்டியிருப்பார்கள்!

இன்று ஐஃபோன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் மிச்சக் கொள்ளளவு சதவீதத்தில் தெரியும். 80-க்குக் கீழே இறங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். சாம்சங்கில், சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் உள்ள சோதனை பேட்டரி நிலையைச் சொல்லும். திரை ஓரம் லேசாகத் தூக்கி, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது வேகத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, சார்ஜ் போடாமல் உடனே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

ரீசெட் வேறு வகை வைத்தியம். தேய்ந்த பேட்டரியால் வந்த மந்தத்தை அது தொடக்கூடச் செய்யாது, ஏனென்றால் உள்ளே இருப்பது அதே பேட்டரி. ஆனால் ஆண்ட்ராய்டில் கதை பெரும்பாலும் ஸ்டோரேஜில் இருக்கிறது. போனின் ஸ்டோரேஜான ஃபிளாஷ் நினைவகம் கிட்டத்தட்ட முழுக்க நிரம்பிவிட்டால், புதிதாக எழுத இடம் தேடி, பழையதை நகர்த்தி, அழித்து, அப்புறம்தான் எழுத முடியும். அதன்மேல் இன்னும் பெரிய வெர்ஷன் வந்து உட்கார்ந்தால் கீபோர்டு திறக்கவே நேரமாகும். கூகுளின் 2012 நெக்ஸஸ் 7 டேப்லெட், ஆண்ட்ராய்டு 5 ஏறியதும் தவித்தது பலருக்கு நினைவிருக்கும்.

ரீசெட்டுக்குக் காசு செலவில்லை, உழைப்புதான் செலவு. வாட்ஸ்அப் பேக்கப், வங்கி ஆப்களில் மறுபதிவு, யுபிஐக்கு மறுபடி சிம் சரிபார்ப்பு, ஓடிபி தரும் ஆப்பில் உள்ள கணக்குகள் என்று ஒரு ஞாயிறு போய்விடும். அதனால் முதலில் இடத்தைக் காலிசெய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனில் வாட்ஸ்அப் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து, பெரிய கோப்புகளை மேலே கொண்டுவந்து பாருங்கள். ஒரே கல்யாண வீடியோ நாலு குரூப்பிலிருந்து நாலு முறை வந்து படுத்திருக்கும், கூடவே வருடக்கணக்கான காலை வணக்கப் படங்கள். ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியானாலே பல போன்கள் மூச்சுவிடும். அதற்கும் அசையாததை மட்டும் ரீசெட் செய்யலாம்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஐஃபோனில் புது வெர்ஷன் வந்த சில வாரங்களில் பழையதற்கான அனுமதியை ஆப்பிள் நிறுத்திவிடும், கதவு மூடிவிடும். ஆண்ட்ராய்டில் பல போன்கள் பின்னே போக விடாது. விட்டாலும் டேட்டா முழுக்க அழியும், பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும். ரீசெட்டின் உழைப்பு அத்தனையும் பட்டு, கடைசியில் கிடைப்பது ஓட்டையுள்ள போன். கம்பெனி தந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போடும் லீனியேஜ் ஓஎஸ் போன்ற மாற்று மென்பொருள் அதைவிட நல்ல வழிதான், ஆனால் அதற்காகப் பூட்லோடரை (வேறு மென்பொருள் ஏறாமல் தடுக்கும் பூட்டை) திறந்த போனில் சில வங்கி ஆப்கள் ஓட மறுக்கும். இரண்டாவது போனில் செய்து பாருங்கள், ஒரே போன் உள்ளவர் தொட வேண்டாம்.

புது போன்? பாதுகாப்பு அப்டேட் நின்றுபோயிருந்தால், அல்லது ரேம் 2, 3 ஜிபிதான் என்றால், வாங்குவதே சரி. அப்போது கேமராவுக்கு முன்னால் அப்டேட் காலத்தைக் கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 தொடங்கி அந்த வரிசைகளுக்கு 7 வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேட்டரி எத்தனை காலம் தாங்கும் என்றும் கேளுங்கள். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது விதி.

மற்றபடி கணக்கு எளிது. கம்பெனி சர்வீஸில் பேட்டரிக்கு என்ன கேட்கிறார்கள், இதே போனை இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று இரண்டையும் விசாரியுங்கள். முதலாவது இரண்டாவதில் பாதியைத் தாண்டாவிட்டால் பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். தாண்டிவிட்டால், பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தைப் புது போனில் சேர்ப்பதே லாபம்.