பாஸ்டனா, கோபன்ஹேகனா, ஸ்டூவர்ட்டா? ஒரே ஏபிஜி சீட்டுக்கு மூன்று வாசிப்பு

சர்க்கரை எகிறி, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தின் அமில-கார நிலையைக் காட்டும் சோதனைச் சீட்டில் பிஎச் (குறைந்தால் அமிலம் அதிகம்) 7.12, கார்பன் டை ஆக்சைடு 25, பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் காரம்) 8, பேஸ் எக்ஸஸ் (காரத்தின் உபரி; மைனஸ் என்றால் பற்றாக்குறை) மைனஸ் 19. சோடியம் 138, குளோரைடு 100. இதே சீட்டைப் படிக்க பாஸ்டன், கோபன்ஹேகன், ஸ்டூவர்ட் என்று மூன்று முறைகள் உண்டு.

பாஸ்டன் முறைக்காரர் முதலில் பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டுவார். 20 வருகிறது; இரண்டு கூடலாம், குறையலாம். நுரையீரல் சரியாக ஈடுகொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு 22-ஐத் தாண்டக் கூடாது. இருப்பது 25. 'நார்மல் 40, இது குறைவுதானே' என்று நகர்ந்துவிட்டால் ஏமாந்தோம்: இவருக்கு மூச்சுவிடும் தெம்பு குறைந்துகொண்டிருக்கலாம். அப்புறம் ஆனயான் கேப், அதாவது வழக்கமாக அளக்காத எதிர்மின் அயனிகளின் கணக்கு. 138-லிருந்து 100-ஐயும் 8-ஐயும் கழித்தால் 30. வழக்கமாக 12-ஐ ஒட்டித்தான் இருக்கும். மீதிக்குக் காரணம் கீட்டோ அமிலம் (கீட்டோன்), உடல் கொழுப்பை எரிக்கும்போது சேர்வது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருந்தால், குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் கேப்பில் இரண்டரை கூட்டிக்கொள்ள வேண்டும்; இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

கோபன்ஹேகன் முறை 1952 போலியோ கொள்ளைநோயின் பிள்ளை. அங்கே பைகார்பனேட் ஏறியிருந்ததைப் பார்த்துக் காரநிலை என்று நினைத்திருந்தார்கள்; தேங்கிய கார்பன் டை ஆக்சைடுதான் காரணம் என்று பிடித்தவர் மயக்கவியலாளர் பியோர்ன் இப்சன். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, பையைக் கையால் அழுத்தியே மூச்சு கொடுத்தார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் பேஸ் எக்ஸஸ். வர வேண்டிய கார்பன் டை ஆக்சைடுக்கு நார்மல் 40-லிருந்து 19-ஐக் கழித்தால் 21. ஏறக்குறைய அதே விடை, பெருக்கல்கூட வேண்டாம். விபத்தில் ரத்தம் இழந்தவரை மணிக்கு மணி கண்காணிக்க இந்த ஒற்றை எண் அருமையானது. ஆனால் எந்த அமிலம் என்று அது சொல்லாது. வாந்தியில் போன அமிலமும் கீட்டோனால் சேர்ந்த அமிலமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்று நம்மை நிம்மதியாக்கிவிடும். எனக்கு அதுதான் பயம்.

ஸ்டூவர்ட் முறை மறுநாள் கைகொடுக்கும். கீட்டோன் இறங்கிவிட்டது, பைகார்பனேட் மட்டும் 16-லேயே நிற்கிறது. சோடியம் 140, குளோரைடு 114. கேப் 10, நார்மல்தான். பிறகு ஏன் அமிலம்? நாம் ஏற்றிய நார்மல் சலைனில் சோடியமும் 154, குளோரைடும் 154. இரண்டுக்கும் வித்தியாசம் சுழியம். ரத்தத்தில் அந்த வித்தியாசம் சுருங்கினால் பைகார்பனேட் தானாக இறங்கும் என்கிறது ஸ்டூவர்ட் கணக்கு. இது புரியாதவர் கீட்டோன் இன்னும் போகவில்லை என்று எண்ணி இன்சுலினை நீட்டித்துக்கொண்டே போவார். ஆனால் முழுக் கணக்கையும் ராத்திரி இரண்டு மணிக்குப் போட யாருக்கும் நேரமில்லை.

ஆகவே ஹவுஸ் சர்ஜன்களுக்கு நான் முதலில் பாஸ்டனையே கற்றுக்கொடுக்கிறேன். சீட்டின் ஓரத்தில் பேனாவால் 'வர வேண்டியது 20, வந்தது 25' என்று எழுதச் சொல்கிறேன். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.