சாயம் போகாத மீன்கள்: பாலையூற்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை

நான் முப்பத்தொரு வருடமாகத் தைக்கிறேன். புதுத் துணி கைக்கு வந்தால் முதல் வேலையாக ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பேன். நிறம் ஒட்டினால் அந்தத் துணி என் மேசையில் ஏறாது. கொண்டுவந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. மீனுக்கும் இந்தச் சோதனை தேவைப்படும் என்று யார் கண்டது?

போன வருடம் வெளியூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். வழியில் ஒரு கடையில் நாலு சின்ன மீன்கள். உடம்பு கண்ணாடி; உள்ளே முள்ளு அத்தனையும் எண்ணலாம்; முதுகிலும் வயிற்றோரத்திலும் மட்டும் ரோஸும் பச்சையுமாக மினுங்கும் கோடு. ஏழு வயதுப் பேரன் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் ஒன்று செத்தது. மற்ற மூன்றும் மெல்ல மெல்ல வெளிறி, கடைசியில் வெறும் கண்ணாடியாக நின்றன. "அம்மம்மா, மீனுக்குச் சாயம் போய்விட்டது" என்றான். சின்னப்பிள்ளைப் பேச்சு என்று சிரித்துவிட்டேன்.

அவன் சொன்னது அப்படியே உண்மை என்று எனக்கு விளக்கியவர் திருகோணமலைப் பாலையூற்றில் வளர்ப்பு மீன் விற்கும் ஒரு கடைக்காரத் தம்பிதான். கண்ணாடி மீனுக்கு இயற்கையில் அந்த நிறங்கள் கிடையாதாம். விற்பனைக்காகச் சில இடங்களில் ஊசியால் தோலுக்கு அடியில் சாயம் ஏற்றிவிடுகிறார்கள். குத்திய காயத்தால் நோய் புகுந்து பல செத்துப்போகும். தப்பியவற்றுக்கும் சில மாதங்களில் சாயம் கரைந்துவிடும். என் விரலில் ஊசி ஏறாத கிழமை இல்லை. பெருவிரல் அளவுகூட இல்லாத உயிரில் அதை ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

கடை இருப்பது பாலையூற்றுப் பக்கம், ஒரு ஒழுங்கைக்குள். பெயர்ப்பலகை கிடையாது. வீட்டு விறாந்தையை அடைத்து, வெயில் படும் பக்கம் ஈரச்சாக்குத் தொங்கவிட்டிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள், பாதியாக வெட்டிய நீலப் பீப்பாக்கள், மூலையில் கதவில்லாமல் மல்லாக்கப் படுத்திருக்கும் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று. அதற்குள்ளும் மீன்தான். பகலில் தம்பி மின் இணைப்பு வேலைக்குப் போகிறார். கடை திறப்பது பின்னேரம் நாலரைக்கு மேல். நாலரை என்றால் சில நாள் ஐந்தேகால். இரண்டு தடவை பூட்டிய படலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போவது உத்தமம்.

முதல் நாள் போனபோது அவர் எங்களுக்கு மீன் விற்கவில்லை.

தொட்டி, மணல், இரண்டு கட்டு நீர்ச்செடி எல்லாவற்றுக்கும் காசு வாங்கிக்கொண்டு, "அன்ரி, மீன் இன்றைக்குத் தரமாட்டேன். ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்றார். வியாபாரி வாயில் இப்படி ஒரு வசனம் நான் கேட்டதில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா புதுத் தண்ணீரில் தேங்கி மீனையே கொன்றுவிடும். அதை மாற்றியமைக்கும் பக்டீரியா மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு கிழமை வேண்டும் என்றார். தன் தொட்டியிலிருந்து ஊத்தைப் பஞ்சு ஒரு துண்டைப் பிய்த்துப் பையில் போட்டுத் தந்து, "இதைக் கழுவிவிடாதீர்கள், இதில்தான் அவை இருக்கின்றன" என்றார். தயிருக்கு உறை ஊற்றுவது போல என்று எனக்கு விளங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டுமாம். பேரனுக்குப் பக்டீரியாவும் விளங்கவில்லை, உறையும் விளங்கவில்லை. அனுராதபுரச் சந்தி வரும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தான்.

அவன் கேட்டிருந்தது கார்ட்டூனில் வரும் செம்மஞ்சள் கோமாளி மீன். அது கடல் மீன், தான் கடல் மீன் வளர்ப்பதும் இல்லை விற்பதும் இல்லை என்று சொல்லிவிட்டு, தம்பி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். கோமாளி மீன், கடலடியில் ஒட்டி வாழும் அனிமனி என்ற பிராணியின் கொட்டும் கைகளுக்கு நடுவே வாழ்கிறது. அதன் உடம்பில் உள்ள வழுவழுப்பால் அனிமனி அதைக் கொட்டுவதில்லை. எல்லாம் ஆணாகவே பிறக்கும். ஒரு கூட்டத்தில் மிகப் பெரியது மட்டும் பெண். அந்தப் பெண் செத்துப்போனால், அதற்கடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். பேரன் நீண்ட நேரம் யோசித்தான். "அப்படியென்றால் அப்பா மீன்தான் பிறகு அம்மா மீனா?" என்றான். "ஓம்" என்றார் தம்பி, முகத்தில் சிரிப்பில்லாமல். நேரில் பார்க்க வேண்டுமென்றால் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போகச் சொன்னார். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 2003இல் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். போனோம். மகள்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டாள். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டி, மஞ்சள் வாலோடு ஒரு சோடியைக் கண்டாள். செம்மஞ்சள் இல்லையே என்று பேரனுக்குக் குறை. எனக்குப் படகில் தலை சுற்றியது, அதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து முதலில் கப்பி மீன் தந்தார். சோடி 150 ரூபாய். கிணற்றில் சும்மா கிடைப்பதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டேன். 2017இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு ஆட்டிப்படைத்த காலத்தில் எங்கள் கிணற்றில் விடப்பட்டவை இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. நுளம்புக் கூத்தம்பிகளைத் தின்னும், பார்வைக்கு ஊமை நிறம். தம்பி ஒரு ஆண் கப்பியை வெளிச்சத்துக்கு நேரே கொண்டுவந்து, வாலில் இருந்த செம்மஞ்சள் பொட்டைக் காட்டினார். அந்த நிறம் முழுவதையும் மீன் தானாக உண்டாக்க முடியாதாம். ஒரு பங்கைப் பாசி போன்ற சாப்பாட்டிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறது. நன்றாகச் சாப்பிட்டவனுக்குப் பொட்டு பளிச்சென்று இருக்கும், பெண் மீனும் அவனைத்தான் பார்க்கும்.

வீட்டுக்கு வந்து மருமகனிடம் இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னேன். தம்பி சொன்னது சரி, மேலும் இருந்தது. கப்பியின் சொந்த இடம் திரினிடாட், வெனிசுவேலாப் பக்கம். 1866இல் திரினிடாட்டிலிருந்து லெக்மியர் கப்பி என்பவர் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மீனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் 1859இலேயே வேறொருவர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிவிட்டிருந்தார். கப்பி ஐயாவின் பெயர் கூப்பிடும் பெயராக மட்டும் தங்கிவிட்டது. ஜோன் எண்ட்லர் என்ற ஆய்வாளர் 1980இல் எழுதியதைத்தான் நான் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். திரினிடாட் ஓடைகளில் பெரிய மீன்கள் பிடித்துத் தின்னும் இடத்தில் ஆண் கப்பிகள் மங்கலாக இருக்கின்றன. ஆபத்துக் குறைந்த இடத்தில் பகட்டாக இருக்கின்றன. ஊரடங்கு நாட்களில் நாங்கள் எந்தச் சேலையை எடுத்து உடுத்தினோம் என்று ஞாபகம் வந்தது.

இரண்டாவது வாங்கியது நியோன் டெட்ரா, எட்டு. அமேசன் பக்கத்து மீன். எட்டுக்குக் குறைவாகத் தரமாட்டேன், தனியே விட்டால் பயந்துவிடும் என்றார். நான் விடிய நாலரைக்கு எழும்பி மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவள். முதல் நாள் லைற்றைப் போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன்: எட்டும் வெளிறி, நீலக்கோடு இருந்த இடத்தில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு தடம். மறுபடியும் சாயம் போய்விட்டது என்று நெஞ்சு திக்கென்றது. ஒரு பிளவுஸின் கை வெட்டி முடித்து நிமிர்ந்தால், கோடு திரும்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எட்டும் பழைய நீலம். அந்த நீலத்தில் சாயமே இல்லையாம். தோலில் மெல்லிய பளிங்குத் தகடுகள் அடுக்கடுக்காக இருந்து, விழும் வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. இருட்டில் அந்த அடுக்கின் இடைவெளி மாறி, நிறம் அணைந்துவிடுகிறது. மயில்கழுத்துப் பட்டுத்துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதைப் பாதி விளக்கத் தேவையில்லை. ஆனால் பட்டில் பாவும் ஊடும் இரண்டு நிறம். இதில் நூலும் இல்லை, சாயமும் இல்லை.

குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தவை நம் நாட்டு மீன்கள் என்பதை மூன்றாம் தடவை போனபோதுதான் சொன்னார். களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரை, மர நிழல் விழும் ஓடைகளில் வாழ்பவை, இலங்கைக்கே உரியவை. ஒன்று செர்ரி நிறத்துச் சின்னக் கெண்டை; 1929இல் தெரணியகல என்ற இலங்கை விலங்கியலாளர் விஞ்ஞானப் பெயர் வைத்தது. மற்றது இன்னும் அழகு. இனம்பெருக்கும் நேரத்தில் ஆணின் தலைப்பக்கம் இரத்தச் சிவப்பாகி, பின்பாதி கறுத்துவிடும். சிங்களத்தில் அதற்குப் 'புலத் ஹபயா' என்று பெயர், அதாவது வெற்றிலை சப்புகிறவன். ஒருநாளும் வெற்றிலை வாயைத் துடைக்காத என் மாமா கண்ணுக்குள் வந்து நின்றார். உலகத்தில் எந்தெந்த நாட்டுத் தொட்டிகளிலோ நீந்தும் மீன், நான் ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை பார்க்கிறேன். தம்பி அதை எனக்குத் தரவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உங்கள் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் சுட்டுவிடும், அதற்குக் குளிர்ந்த ஓடைத் தண்ணீர் பழக்கம், மார்கழியில் வாருங்கள் என்றார்.

குறைகளையும் எழுத வேண்டும். எதிலும் விலை ஒட்டியிருக்காது; ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். விறாந்தைக்குள் நின்றால் வேர்த்து ஒழுகும். மீன் போட்டுத் தரும் பொலித்தீன் பையை றப்பர் வளையத்தால் கட்டுகிறார், ஒரு தடவை ஆட்டோவில் அது நெகிழ்ந்து என் மடியெல்லாம் தண்ணீர். தங்கமீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்று பேரனிடம் சொன்னார், அது பிழை. தங்கமீன் பழகிய பழக்கத்தை மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். அடுத்த தடவை போய்ச் சொன்னேன், தலையைச் சொறிந்தார்.

பெரிய குறை மணல். முதல் நாள் தந்த தொட்டி மணல் ஊதா நிறம். இவ்வளவு பேசுகிற மனிதர் இதை எப்படி விற்கிறார் என்று எனக்கு உறுத்தியது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கைப்பிடியை நனைத்து வெள்ளைப் பொப்ளின் துண்டில் கட்டி வைத்தேன். விடிந்ததும் துண்டு ஊதாவாகியிருந்தது. துண்டையும் மணலையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். தம்பி துண்டை விரித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அரித்துக் கழுவிய ஆற்றுமணல் ஒரு வாளி கொண்டுவந்து தந்தார், காசு வாங்கவில்லை. அந்த ஊதா மணல் மூட்டை பிறகு கடையில் கண்ணில் படவில்லை.

கடைசியாகச் செர்ரி இறால். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், குங்குமச் சிவப்பு. தாய்வான் பக்கத்து ஓடைகளில் இதன் காட்டினம் மண்ணிறம். சிவந்ததைச் சிவந்ததோடு சேர்த்துச் சேர்த்து மனிதர் எடுத்த நிறம் இது. ஊசி இல்லை, பொறுமை மட்டும். ஐந்து வாங்கினோம். நாலாம் நாள் பேரன் கத்திக்கொண்டு ஓடிவந்தான், ஒன்று செத்து வெளிறிக் கிடக்கிறது என்று. பார்த்தேன். மீசை, கால், வால் விசிறி எல்லாம் அப்படியே, ஆனால் பளிங்குபோல் ஊடு தெரிகிறது. கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு வெடிப்பு. எண்ணிப் பார்த்தால் உயிரோடு ஐந்தும் இருந்தன. சட்டை கழற்றியிருக்கிறது. ஒரு தையல் இல்லை, ஒரு மூட்டு இல்லை, மீசை நுனிவரை ஒரே துண்டு. எடுத்து வீசிவிடாதீர்கள், சுண்ணாம்புச் சத்துக்காக அவையே தின்னும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். இரண்டு நாளில் சட்டையைக் காணவில்லை.

மீன் அள்ளும் கைவலைகள் கிழிந்துவிட்டன, கடையில் வாங்குவது முரட்டு வலை, மீனின் செதிலைச் சுரண்டுகிறது என்று போன மாதம் குறைப்பட்டார். பாவாடைக்கு உள்வைக்கும் மெல்லிய வலைத்துணி மிச்சம் இருந்தது. விளிம்பை மடித்து, மூலை இல்லாமல் வளைவாகத் தைத்து நாலு கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். ஆறு இறால் தந்தார். அதில் ஒன்றின் வயிற்றுக்குக் கீழே முட்டை. கடுகு போன்ற மஞ்சள் மணிகள். காற்றுப் படுவதற்காகச் சின்னக் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கிறது. இன்று விடிய, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது வரை வந்தபோது அது செடிக்குப் பின்னால் போய்விட்டது.