சான்றிதழில் கிளாஸ் 2, பெட்டியில் கிளாஸ் 1: ஸ்டட் போல்ட் வாங்குவோர் கவனத்திற்கு

சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலுள்ள ஒரு ரசாயன ஆலையின் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வேலைக்காக நான் வாங்கிய 64 ஸ்டட் போல்ட்டுகளில் (தலையில்லாத, இரு முனையிலும் நட் மாட்டும் மரைக்கம்பிகள்) ஒன்றுகூட நாங்கள் கேட்ட தரத்தில் இல்லை. அங்கே துவாஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு கடையில், கடைக்காரர் எங்கள் ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் வாங்கினேன். அதே கடையிலோ அதைப் போன்ற வேறொரு கடையிலோ வாங்கவிருப்பவர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

சுமார் 350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓடும் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் அது. மூன்று அங்குல, கிளாஸ் 600 பிளேஞ்சுகள் (குழாய்களை இணைக்கும் வளையத் தகடுகள்; இங்கே கிளாஸ் என்பது அவற்றின் அழுத்தப் பிரிவு), ஒவ்வொரு இணைப்புக்கும் முக்கால் அங்குல ஸ்டட் எட்டு. ஏஎஸ்டிஎம் ஏ193 என்ற போல்ட் தர விதிப்படி, பி8எம் (316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை), கிளாஸ் 2 (போல்ட்டின் வலிமைப் பிரிவு) என்று ஆர்டரில் தெளிவாக எழுதியிருந்தேன். வந்த சான்றிதழிலும் அப்படியே இருந்தது. உலோகக் கலவையைக் கண்டறியும் பிஎம்ஐ கருவியை வைத்துப் பார்த்தபோது 316 என்றே காட்டியதால், நானும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் பிளேஞ்சை முடுக்கும்போது எங்கள் பையன், "அண்ணே, நட் சுத்திக்கிட்டே இருக்கு, டைட் ஏற மாட்டேங்குது" என்றான். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் வைத்த அளவு வரவே இல்லை. அந்த ஸ்டட்டைக் கழற்றி, புதிய நட் ஒன்றைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். இரு முனைகளிலும் வழுக்கிக்கொண்டு ஓடிய நட், நடுப்பகுதிக்கு வந்ததும் இறுகி நின்றுவிட்டது. ஸ்டட் இழுபட்டு, மரையின் இடைவெளியே மாறிப்போயிருந்தது. அதன் முனையை விளக்கொளியில் பிடித்தபோதுதான் 'பி8எம்' என்று மட்டும் பொறித்திருப்பதைக் கவனித்தேன். கிளாஸ் 2 என்றால் அதனுடன் 'எஸ்எச்' என்ற எழுத்துகளும் இருந்திருக்க வேண்டும்.

கிளாஸ் 1, கிளாஸ் 2 இரண்டும் ஒரே உலோகம் என்பது உண்மைதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கிளாஸ் 1 சூடாக்கிக் குளிர்வித்து மென்மையாக்கப்பட்டது. கிளாஸ் 2 குளிர்நிலையில் இழுத்துக் கடினமாக்கப்பட்டது. நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை முதலாவதற்குக் குறைந்தபட்சம் 205 மெகாபாஸ்கல், முக்கால் அங்குல அளவில் இரண்டாவதற்கு 655. அதாவது ஒரு ஸ்டட் ஏறக்குறைய பதினான்கு டன் இழுவிசையைத் தாங்கும் என்று நம்பி, நான்கரை டன்னுக்கே நீளத் தொடங்கக்கூடிய ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தோம். உலோகக் கலவையை மட்டும் அளக்கும் பிஎம்ஐ கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. கடினத்தன்மையைச் சோதித்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும்; அதைச் செய்யாதது என் தவறு.

கடைக்காரரைக் கேட்டபோது, "ரெண்டும் ஒரே மெட்டல்தான் அண்ணே, நான் எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறேன்" என்றார். பிளேஞ்சுகளுக்கான ஏஎஸ்எம்இ பி16.5 விதிப்படி கிளாஸ் 1 போல்ட் குறைந்த வலிமைப் பிரிவைச் சேர்ந்தது என்பதையும், கிளாஸ் 150, 300 பிளேஞ்சுகளைத் தாண்டி அதைப் பயன்படுத்தக்கூடாது என்பதையும் எடுத்துச் சொல்லியும் அவர் இறங்கிவரவில்லை. கார்பன் ஸ்டீல் நீராவிக் குழாய் ஒன்றுக்கும், துருப்பிடிக்காது என்று சொல்லி, இதே ஸ்டட்டை எங்களுக்குப் பரிந்துரைத்தவர் அவர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் நீளும். கார்பன் ஸ்டீல் 1.2 அளவுதான். பிளேஞ்சைவிட போல்ட் அதிகம் நீண்டால் பிடி தளர்ந்து, பிளேஞ்சுகளுக்கு இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வழியே நீராவி பீறிடும். அத்தகைய இடங்களில் வழக்கமாகப் போடுவது பி7 என்னும் குரோமியம் மாலிப்டினம் எஃகு. இந்த அளவில் அது நீளத் தொடங்கும் எல்லை குறைந்தபட்சம் 720 மெகாபாஸ்கல். துருப்பிடிக்காது என்பதாலேயே ஒரு போல்ட் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கிவிடாது.

இப்போதெல்லாம் பெட்டி வந்ததும் சான்றிதழைத் தொடும் முன்பே, ஒவ்வொரு ஸ்டட்டின் முனையையும் திருப்பிப் பார்க்கிறோம். சான்றிதழிலுள்ள ஹீட் எண்ணையும் (உலோகம் உருக்கப்பட்ட தொகுதியின் எண்) இழுவலிமை எண்களையும் ஆர்டருடன் ஒப்பிடுகிறோம், ஒரு ஸ்டட்டையாவது கடினத்தன்மைச் சோதனைக்கு அனுப்புகிறோம்.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. சான்றாக நான்கு ஸ்டட்டுகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மீதமுள்ள அறுபதும் வேறொருவர் பிளேஞ்சில் ஏறிவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிய பிறகே பழைய இரும்புக்குப் போட்டோம்.