'குழந்தை அறைக்குப் பாதுகாப்பான செடிகள்' என்ற தொகுப்பை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

குழந்தைகள் படுக்கையறைக்கென்றே தேர்ந்தெடுத்த, நச்சில்லாத ஐந்து செடிகள் என்று இணையத்தில் விற்ற ஒரு தொகுப்பை வாங்கி ஏமாந்த பிறகு இந்தப் பதிவை எழுதுகிறோம். விற்பனைப் பக்கத்தில் அரேகா பாம், பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா, பெப்பரோமியா, ஸ்பைடர் பிளான்ட் என்று ஐந்து பெயர்கள் இருந்தன. ஐந்துமே நல்ல தேர்வு. பிள்ளை இலையைக் கடித்துவிட்டாலும் பதற வேண்டியிராத செடிகள். பெட்டியைத் திறந்தால், சொன்னபடி வந்திருந்தது ஸ்பைடர் பிளான்ட் மட்டும்தான். மற்ற நான்கும் வேறு செடிகள். அவற்றில் ஒன்று, தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதது.

அரேகா பாமுக்குப் பதிலாக வந்த சைகஸைத்தான் சொல்கிறோம். சேகோ பாம் என்ற பெயரில் விற்றாலும் சைகஸ் ரெவலூட்டா பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. இலை, வேர், விதை எல்லாவற்றிலும் சைகசின் என்ற நச்சு உண்டு, விதையில் மிக அதிகம். உள்ளே போனால் கடும் வாந்தி வரும், கல்லீரல் பாதிக்கப்படலாம். போதாததற்கு, தொட்டியைத் தரையில் வைத்தால் கீற்றுகளின் கூர்நுனி நடைபழகும் பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. அரேகாவில் மண்ணிலிருந்தே பல மெல்லிய தண்டுகள் கொத்தாகக் கிளம்பும். காம்பில் மஞ்சள் சாயல் இருக்கும், கீற்று மெத்தென்று வளையும். சைகஸில் நடுவே செதில் மூடிய ஒரே ஒரு குமிழ்தான் இருக்கும், அதன் உச்சியிலிருந்து இலைகள் வட்டமாக விரியும். கீற்றை விரலால் வருடிப் பாருங்கள்: விறைப்பாக இருக்கும், ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும், நுனி குத்தும்.

கலாத்தியா என்று ஒட்டியிருந்த தொட்டியில் இருந்தது டிஃபன்பேக்கியா. இது சேம்புக் குடும்பம். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசிக் கட்டுகளாக அடைந்து கிடக்கும். கடித்த மாத்திரத்தில் அவை வெளியே பாய்ந்து உதடு, நாக்கு, தொண்டையில் குத்தும். சேம்புத் தண்டை நறுக்கினால் கை அரிப்பதும் இதே படிகங்களால்தான். எரிச்சல், வீக்கம், எச்சில் வடிதல் என்று பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும். ஆனால் தொண்டை வீங்கினால் மூச்சுக்கே ஆபத்து. மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, பிலோடென்ட்ரான், சிங்கோனியம், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், கலேடியம், ஸீஸீ பிளான்ட் எல்லாமே இந்தக் குடும்பம்தான். வீட்டுச் செடி என்று கடைகளில் நிற்பவற்றில் பெரும்பங்கு இவைதான் என்பதால், கையில் இருப்பதைத் தொகுப்பில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கலாத்தியாவை இலையின் கோலத்தை வைத்து அடையாளம் காணாதீர்கள். டிஃபன்பேக்கியாவுக்கும் அக்லோனிமாவுக்கும் அதேபோன்ற கோலங்கள் உண்டு. இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கலாத்தியாவில் அந்த இடம் சற்றுத் தடித்து ஒரு முட்டிபோல இருக்கும். மாலையில் இலைகளை நிமிர்த்துவதும் காலையில் தாழ்த்துவதும் அந்த முட்டிதான். டிஃபன்பேக்கியாவில் அது கிடையாது, காம்பின் அடிப்பகுதி தண்டை உறைபோலச் சுற்றியிருக்கும். வளர்ந்த செடியில் கணுக்கணுவான பருத்த தண்டே காட்டிக்கொடுத்துவிடும். தொகுப்பில் வருவது கன்று என்பதால் காம்பைத்தான் நம்ப வேண்டும்.

பாஸ்டன் ஃபெர்னுக்குப் பதில் வந்தது அஸ்பராகஸ் ஃபெர்ன். பெயரில் மட்டுமே ஃபெர்ன். தண்டில் கொக்கி முள், பின்னால் பிள்ளையின் கையை இழுக்கும் சின்னப் பழங்கள், தின்றால் வயிற்றுக்கோளாறு. பெப்பரோமியா என்று வந்தது இதய வடிவ இலையுள்ள பிலோடென்ட்ரான் கொடி. புது இலை ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வெளிவந்தால் அது பிலோடென்ட்ரான். பெப்பரோமியாவுக்கு அந்த உறை இல்லை, இலையும் சதைப்பற்றாக இருக்கும்.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "எல்லாமே காற்றைச் சுத்தம் செய்யும் இன்டோர் செடிகள், நாசா பட்டியலில் உள்ளவை." இந்தப் பதிலைப் பல இடங்களில் கேட்பீர்கள், அதனால் விவரமாகச் சொல்லிவிடுகிறோம். நாசாவின் 1989 ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்து வேதிப்பொருள்கள் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்தது. குழந்தைக்குப் பாதுகாப்பா என்று அது பார்க்கவே இல்லை. அதில் சோதித்தவற்றிலேயே பீஸ் லில்லியும் அக்லோனிமாவும் இருக்கின்றன. காற்றுச் சுத்தம் என்ற பேச்சும் வீட்டு அறைக்குப் பொருந்தாது. சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று 2019இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்துவைப்பதே மேல்.

செடி சரியாகவே வந்திருந்தாலும் அந்தத் தொட்டிகளை அப்படியே பிள்ளையின் அறையில் வைத்திருக்க முடியாது. மேல்மண்ணில் மூன்று பொருள்கள் கிடந்தன. ஒன்று, மெதுவாகக் கரையும் உரமணிகள். மஞ்சளும் பச்சையுமாக மிட்டாய்போலவே இருக்கும். இரண்டாவது, மணல் பருமனில் நிறமேற்றிய குருணை, அதாவது பூச்சிமருந்து. வேர் வழியாக ஏறி இலைக்குள் போகும் வகை என்றால் இலையைக் கழுவிப் பயனில்லை, சில மருந்துகள் மாதக்கணக்கில் நிற்கும். என்ன மருந்து என்று விற்றவரால் சொல்ல முடியாவிட்டால், செடி பாதுகாப்பான இனமாகவே இருந்தாலும் அதைப் பிள்ளையின் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்றாவது, அழகுக்குப் போட்ட ஜெல் மணிகள். இதுதான் மிகவும் மோசம். காய்ந்த நிலையில் கடுகைவிடச் சற்றே பெரியது, விழுங்கினால் வயிற்றுக்குள் நீரை உறிஞ்சிப் பலமடங்கு ஊதிக் குடலை அடைக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. பிள்ளை விழுங்கியிருக்கும் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய் 'ஜெல் மணி' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கூழாங்கற்களுக்கும் அளவு உண்டு. மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். டிஷ்யூ சுருளின் நடுக்குழாய் அதைவிடச் சற்று அகலம். அதற்குள் நுழையும் கல் எதையும் தொட்டியில் போடாதீர்கள்.

எந்தச் செடியையும் மண் மாற்றிய பிறகே அறைக்குள் வையுங்கள். ரப்பர் கையுறை போட்டு, பழைய மண்ணை முழுக்க உதிர்த்து, வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். மண்ணைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இரண்டு பங்கு தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இளக்கும் லேசான வெள்ளைத் துகள்), ஒரு பங்கு மண்புழு உரம் போதும். பிறகு பிள்ளை புழங்காத இடத்தில் சில வாரம் வைத்துப் பூச்சி வருகிறதா என்று பாருங்கள். மேல்மண் காயாமலே இருந்தால் பூஞ்சை வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆகாது, ஆகவே விரலை 2 செ.மீ. விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். தொங்குதொட்டியின் கயிறு தொட்டில், கட்டில் பக்கம் வரவே கூடாது.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு தொட்டிக்கும் முழுத் தாவரவியல் பெயர், எழுத்தில். 'பாம்', 'ஃபெர்ன்', 'லில்லி' என்பதெல்லாம் பெயராகாது. அரேகா என்றால் டிப்சிஸ் லூட்டெசென்ஸ், ஸ்பைடர் பிளான்ட் என்றால் க்ளோரோஃபைட்டம் கோமோசம், பாஸ்டன் ஃபெர்ன் என்றால் நெஃப்ரோலெபிஸ் எக்ஸால்டேட்டா. தர மறுக்கிறார் என்றால் அவருக்கே தெரியவில்லை என்று பொருள். நாய், பூனைக்கான பாதுகாப்புப் பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள், மனிதருக்கான கணக்கு வேறு. இலவச இணைப்பாக அடீனியமோ கள்ளிவகையோ தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடீனியத்தில் அரளியைப் போலவே இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. கிறிஸ்து முள், திருகுகள்ளி ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம்.

பிள்ளை ஏற்கெனவே கடித்துவிட்டதென்றால், வாயிலுள்ள துண்டுகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வாயைக் கழுவி, விழுங்க முடிகிறதென்றால் குளிர்ந்த நீரோ பாலோ சிறிது கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீக்கம் கூடினாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனை. சைகஸ், அரளி, அடீனியம் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. கண்ணில் பால் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். எதுவானாலும் செடியின் ஒரு கிளையை உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

'உயிருள்ள பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்' என்று சொல்லிப் பணத்தைத் தர மறுத்தார் இந்த விற்பனையாளர். ஒன்றைச் சொல்லி வேறொன்றை அனுப்பியதற்கு அந்த விதி பொருந்தாது. புகார் கொடுப்பவர்களுக்கு மூன்று சான்றுகள் வேண்டும்: வாங்கிய அன்றே எடுத்த விற்பனைப் பக்கத்தின் படம், பெட்டியை முத்திரை உடைப்பதிலிருந்து எடுத்த தடங்கலில்லாத காணொளி, சந்தேகமான ஒவ்வொரு செடியின் காம்பும் அடித்தண்டும் தெரியும் கிட்டப்படம். இவற்றோடு விற்பனைத் தளத்திலும் பணம் செலுத்திய வங்கியிலும் 'விவரித்தபடி பொருள் இல்லை' என்ற பிரிவில் பதியுங்கள். 'பொருள் பிடிக்கவில்லை' என்ற பிரிவில் போட்டால் தள்ளிவிடுவார்கள்.