8 ஜிபி ராமில் கான்டாக்ட்: தவிலின் இரண்டு பக்கத்தையும் பிரித்த கதை

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் மேசை போட்டுப் பாட்டு அமைக்கிறேன். அதற்குக் கான்டாக்ட் வைத்திருக்கிறேன்: பதிவு செய்த வாத்திய ஒலிகளை, அதாவது சாம்பிள்களை, கட்டையை அழுத்தி வாசிக்க வைக்கும் மென்பொருள் அது. லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான். இதில் கான்டாக்ட் ஓடாது, 32 இல்லாமல் தொடாதே என்று சொல்லாத ஆள் இல்லை. இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ராம் விஷயம். வாத்தியத்தை லோடு செய்ததும் எல்லா சாம்பிளும் முழுசாக ராமில் ஏறிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டிஎஃப்டி (டைரக்ட் ஃப்ரம் டிஸ்க்) முறையில் அப்படி இல்லை. ஒவ்வொரு சாம்பிளின் ஆரம்பத் துண்டு மட்டும் ராமில் இருக்கும், கட்டையை அழுத்தியதும் மிச்சத்தை டிஸ்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்தத் துண்டின் அளவுதான் பிரீலோடு பஃபர், வழக்கமாக 60 கேபி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு வினாடி ஒலிக்கு 288 கேபி வேண்டும், ஆக அது கால் வினாடிக்கும் குறைவு. பழைய ஹார்டு டிஸ்க் அதற்குள் ஓடிவந்து சேராமல் திணறும், டிக் டிக்கென்று சத்தம் வரும். எஸ்எஸ்டி போட்ட பிறகு நான் அந்த அளவை இன்னும் குறைத்தே வைத்திருக்கிறேன், ராம் கணிசமாக மிச்சமாகிறது.

அப்புறம் பர்ஜ், அதாவது தேவையில்லாத சாம்பிளை ராமிலிருந்து இறக்கிவிடுவது. ஒரு டம்ளர் காப்பி போட, ஆச்சி சீராகக் கொண்டுவந்த பாத்திரம் அத்தனையையும் அறையிலிருந்து இறக்கி வைப்போமா? வாத்தியத்தை அப்படியே லோடு செய்து வைப்பதும் அதுதான். பாட்டை எழுதி முடித்ததும் பர்ஜ் மெனுவில் ரீசெட் மார்க்கர்ஸ் கொடுத்து, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, அப்டேட் சாம்பிள் பூல் கொடுங்கள். வாசிக்காத சாம்பிள் எல்லாம் இறங்கிவிடும். ஒரே சொல்லுக்கு (அடிக்கு) நாலு பதிவு மாறி மாறி வரும் வாத்தியமாக இருந்தால் ஒரு தடவை ஓட்டினால் பத்தாது, இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள்.

கான்டாக்டில் இலவசப் பிளேயரும் உண்டு, முழு வெர்ஷனும் உண்டு. ஆனால் முழு வெர்ஷனுக்குக் காசு கொடுத்தது ராமுக்காக இல்லை, ரவுட்டிங்குக்காக, அதாவது ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி வழியில் அனுப்புவதற்காக. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடிக்கென ஒரு பாட்டு செய்தேன். அதற்கு எங்கள் முகப்பிலேயே ஒரு தவில்காரரை உட்காரவைத்துச் சாம்பிள் எடுத்தோம். விரல்கூடு போட்டு வாசிக்கும் வலந்தலைப் பக்கம் சுள்ளென்று வெட்டும், குச்சி படும் தொப்பிப் பக்கம் அடிவயிற்றில் இறங்கும். இரண்டும் ஒரே ஸ்டீரியோவில் வந்தால் தொப்பிக்குக் கொடுத்த கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) வலந்தலையையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது, எதிரொலி (ரிவர்ப்) போட்டால் தொப்பி கொழகொழத்துப் போகிறது. கான்டாக்டில் இரண்டையும் இரண்டு குரூப்பாக்கி, ஒவ்வொன்றின் ஆம்ப்ளிஃபையர் பகுதியிலும் அவுட்புட்டை மாற்றிவிடலாம். எடிட் ஆல் குரூப்ஸ் பட்டன் எரிந்துகொண்டிருந்தால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் கூடவே மாறிவிடும், அதை முதலில் அணைத்துவிடுங்கள். இலவசப் பிளேயரில் இப்படி உள்ளே புகுந்து திருத்த முடியாது.

இதில் நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தேன். அவுட்புட் பகுதியில் எட்டு சானல் உண்டாக்கிவிட்டு, ரீப்பரில் (கான்டாக்ட் பிளகின்னாக உள்ளே ஓடும் டிஏடபிள்யூ, அதாவது பாட்டு அமைக்கும் மென்பொருள்) எங்கே எங்கே என்று தேடுகிறேன், ஒன்றும் வரவில்லை. தப்பு என் மேல்தான். இந்தப் பிளகின்னுக்கு எத்தனை அவுட்புட் என்று டிஏடபிள்யூ பெரும்பாலும் லோடு ஆகும்போது ஒரு தடவைதான் கேட்டுக்கொள்ளும். சானல்களை உண்டாக்கி, அந்த அமைப்பையே டீஃபால்ட்டாகச் சேமித்து, பிளகின்னை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகு ரீப்பரின் எஃப்எக்ஸ் ஜன்னலில் உள்ள ஒரே கட்டளை எல்லா டிராக்கையும் தானே பிரித்துக் கொடுத்துவிட்டது. வலந்தலைக்கு மட்டும் கொஞ்சம் ரிவர்ப், தொப்பிக்கு ஒன்றுமே இல்லை. சரியாக உட்கார்ந்தது.

ஒரே கான்டாக்டில் பதினாறு வாத்தியத்தை அடைக்கலாம்தான், நான் நாலுக்கு மேல் வைப்பதில்லை. வேலை முடிந்ததை ஃப்ரீஸ் செய்து (ஆடியோவாக மாற்றி) தூக்கிவிட அதுதான் வசதி.

வெறும் பியானோ, ஸ்ட்ரிங்ஸ் வாசிப்பவருக்குப் பிளேயரே தாராளம். சொந்தமாகச் சாம்பிள் எடுத்து உள்ளே பிரிப்பவர் முழு வெர்ஷன் வாங்கலாம், ஆனால் விலை உறைக்கும், தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். அதுவரை ராமுக்கென்று எடுத்துவைத்த காசில் ஒரு எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள்.