மலைப்பாதை மின்சார சைக்கிள்: உச்ச வேரியண்டை விட அடிப்படை வேரியண்ட் ஏன்?

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மின்சார மலை சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே வடிவமைப்பில் மூன்று வேரியண்ட்களாக விற்பனைக்கு வருகின்றன. நான் ஒப்பிட்டுப் பார்த்த மாடலில் அடிப்படை வேரியண்டுக்கு அலுமினிய ஃபிரேம், ஷிமானோ இபி6 மோட்டார், 504 வாட்-மணி பேட்டரி, ஷிமானோவின் டியோர் கியர், ராக்‌ஷாக்ஸ் 35 கோல்டு ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கவை). நடு வேரியண்டில் அதே ஃபிரேமுடன் இபி801 மோட்டார், 630 வாட்-மணி பேட்டரி, ஷிமானோவின் எக்ஸ்டி கியர், முன்சொன்ன ஃபோர்க் நிறுவனத்தின் லிரிக் செலக்ட் ஃபோர்க். உச்ச வேரியண்டில் கார்பன் ஃபிரேம், லிரிக் அல்டிமேட் ஃபோர்க், ஸ்ராம் வயரில்லா கியர், அதே நிறுவனத்தின் கோட் பிரேக். நான் வாங்கியது அடிப்படை வேரியண்ட். நாகர்கோவிலில் இருந்துகொண்டு குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டப் பாதைகளில், உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டுபவருக்கு அதுவே போதும். பராமரிப்பைக் கணக்கில் எடுத்தால் அதுவே மேல் என்பது என் கருத்து.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டும் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருபவை. இபி801 மக்னீசிய உறையால் ஏறத்தாழ 300 கிராம் குறைவு. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருந்தால்தான் பதிவெண் இல்லாமல் ஓட்டலாம் என்பதால், கூடுதல் பணம் கொடுத்தாலும் கூடுதல் வேகம் கிடைக்கப்போவதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது ஃபோர்க்கின் பராமரிப்பு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆளுக்கொரு பங்கு நனைக்கும் மாவட்டம் இது. மழை விட்ட மறுநாள் தோட்டப் பாதையில் இறங்கி ஏறினால், ஃபோர்க்கின் பளபளப்பான மேற்குழாயில், எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீல் வந்து நின்ற இடத்தில் செம்மண் மெல்லிய வளையமாகப் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் மறுபடி ஓட்டினால் அந்த மண்ணே சீலுக்குள் புகுந்து அரைக்கத் தொடங்கும். முட்டம், குளச்சல் கடற்கரைச் சாலையில் போய்வந்தாலோ உப்புப் படிவு வேறு. ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றுவதற்குச் சொல்லும் இடைவெளி 50 மணி நேர ஓட்டம். விலை கூடிய லிரிக்குக்கும் இதில் சலுகை இல்லை. நம் மண்ணுக்கும் மழைக்கும் அதற்கு முன்பே திறந்து பார்ப்பது நல்லது. அந்த வேலையை ஆலன் சாவியும் ரப்பர் சுத்தியலும் வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்திலேயே முடித்துவிடலாம். வேறுபாடு அதற்கு அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. 35 கோல்டில் உள்ள மோஷன் கன்ட்ரோல் அமைப்பில், துள்ளலை அடக்கும் பாகமான டேம்பர், காலுக்குள் ஊற்றிய எண்ணெயிலேயே நின்று வேலை செய்கிறது. பழைய எண்ணெயை வடித்துப் புதியதை அளந்து ஊற்றினால் போதும். லிரிக்கில் இருப்பது மூடிய சார்ஜர் டேம்பர். அதைத் திறந்தால் காற்றுக் குமிழியை வெளியேற்றி மூட வேண்டும், அதற்கென்றே தனிக் கருவிகள் வேண்டும். பக்கத்துச் சைக்கிள் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. ஃபோர்க்கைக் கழற்றிப் பொதிகட்டி வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பும் வரை சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பவருக்கு அதன் மென்மையால் என்ன பயன்? பாறை நிறைந்த நீண்ட இறக்கங்களில் லிரிக் கையை அதிகம் களைப்படையச் செய்வதில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாத நிலையில், அப்படிப்பட்ட இறக்கம் நமக்கு அன்றாடம் கிடைப்பதில்லை.

கியரிலும் இதே கதைதான். டியோர் கேசட்டில் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) எல்லாப் பற்சக்கரங்களும் எஃகு. எக்ஸ்டியில் எடையைக் குறைக்கப் பெரிய பற்சக்கரங்களை அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். மோட்டாரின் இழுவையோடு ஏற்றம் ஏறும்போது அதிகம் உழைப்பவை அந்தப் பெரிய பற்சக்கரங்களே. நடு வேரியண்டை எடுப்பவர்கள் தேயும்போது டியோர் கேசட்டையே மாற்றிக்கொள்ளலாம், பொருந்தும்.

பிரேக்கில் மட்டும் கணக்கு சற்றுக் குழப்பமானது. அடிப்படை வேரியண்டின் ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை, ஆனால் தருவித்துத்தான் வாங்க வேண்டும். உச்ச வேரியண்டின் கோட் பிரேக்குக்கு டாட் 5.1 என்ற பிரேக் திரவம், அது இருசக்கர வாகன உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும், ஆனால் ஈரக்காற்றை உறிஞ்சிக் கொதிநிலை இறங்கிவிடுவதால் அடிக்கடி மாற்ற வேண்டும், பெயிண்டில் சிந்தினால் பெயிண்டும் போகும். நம் ஊர்க் காற்றுக்கு முதலாவதே எனக்கு நிம்மதி.

கார்பன் ஃபிரேமை நண்பர் ஒருவரின் சைக்கிளில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்ததோடு சரி. தூக்கும்போது எடைக்குறைவு தெரிந்தது, மோட்டார் உதவியோடு ஓட்டும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. நீண்ட நாள் உழைப்பைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அனுபவம் எனக்கில்லை. மறுவிற்பனையிலும் அப்படியே, இங்கே வாங்குவோர் மிகச் சிலர் என்பதால் எந்த வேரியண்டுக்கும் பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

அடிப்படை வேரியண்டின் உண்மையான குறை பேட்டரி. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு, காற்றுக் காலத்தில் கணவாயை எதிர்த்து மிதிக்கும்போது 504 வாட்-மணி கண்ணெதிரே கரையும். அவர்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே நடு வேரியண்டை எடுக்கலாம். பெரிய பேட்டரியைப் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், அது ஃபிரேமுக்குள் பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் உடன் கொண்டுவர அனுமதியில்லை என்பதால், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்ணனிடம் சொல்லி வாங்கிக்கொள்ளும் வழியும் கிடையாது.